ஐம்பத்தொன்பது நாள்

கரியாலூரைத் தாண்டி ஒரு மலைக்கிராமத்தில் இருக்கும் ஆயாவிடம் நான் பொய் சொன்னேன். அவர் கொடுத்த கோழியைப் பாம்பு தீண்டிவிட்டது என்றேன். பாம்பு எதுவும் வரவில்லை. அந்தக் கோழியைக் கொன்றவன் நான். அடிக்கவில்லை, அறுக்கவில்லை. முட்டை வைத்து வைத்தே கொன்றேன். அதே பொய்யை வீட்டிலும் சொன்னேன், ஆலையிலும் சொன்னேன். சொல்லச் சொல்லப் பாம்புக்கு நீளமும் நிறமும்கூட வந்துவிட்டன. இனியும் அந்தப் பொய்யைத் தொடர முடியாது என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் கள்ளக்குறிச்சியில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறவன். வீடு கச்சிராயபாளையம் போகிற சாலையை ஒட்டி இருக்கிறது. பின்பக்கம் கொஞ்சம் இடமும் ஒரு வேப்பமரமும் உண்டு. மொட்டை மாடியில் நின்றால் மேற்கே கல்வராயன் மலை தெரியும். 2022 தை மாதத்தில் ஒரு நண்பரோடு வெள்ளிமலை வரை போய்த் திரும்பும் வழியில், ஆயாவின் வீட்டு முற்றத்தில் அந்தக் கோழியைப் பார்த்தேன்.

சிறுவிடை. கருஞ்சிவப்பு உடம்பு, கழுத்தில் மட்டும் பொன்னிறம், குட்டைக் கால். இரண்டு உள்ளங்கையில் அடங்கிவிடும். வீட்டுக்குக் கொண்டுவந்து தராசில் வைத்தபோது 1 கிலோ 100 கிராம் இருந்தது. ஆங்கிலேயர்கள் குள்ளக் கோழிகளுக்கு ஜாவாத் தீவின் பாண்டன் துறைமுகத்தை வைத்து ‘பாண்டம்’ என்று பெயரிட்டார்கள். சிறுவிடை அந்த அளவு குள்ளமில்லை. ஆனால் குள்ளக் கோழிகளுக்கு உள்ள பெரும்பேறு இதற்கும் உண்டு: அடையில் உட்கார்ந்தால் எழுந்திருக்காது. சண்டைக்கோழி இனமான பெருவிடை உடல் கனத்தால் முட்டையை மிதித்து உடைத்துவிடும் என்று, பெருவிடை வளர்ப்பவர்களே அதன் முட்டைகளைச் சிறுவிடையின் கீழ்தான் வைப்பார்கள். அது எனக்குத் தெரியும். கோழியைப் பார்த்த அந்த நிமிடமே என் மனதில் கணக்கு ஓடிவிட்டது.

350 ரூபாய் கொடுத்தேன். ஆயா கோழியின் காலைக் கட்டிக்கொண்டே சொன்னார்: “தம்பி, சித்திர வெயில்ல அடை வெக்காத. எட்டு முட்டைக்கு மேல வெக்காத. பொரிச்சுதுன்னா குஞ்சோடயே ரெண்டு மாசம் விட்டுரு. அதுவா கொத்திப் பிரிச்சிடும், நீ பிரிக்காத.”

மூன்றுக்கும் தலையாட்டினேன். மூன்றையும் மீறினேன்.

இதைச் சொல்வதற்கு முன்னால் என் சின்ன வயதுச் சம்பவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் அம்மா அடைக்கோழியை அடை தெளிய வைப்பதற்கு அதன் மூக்குத்துளையில் ஓர் இறகைச் செருகிவிடுவார். தண்ணீரில் முக்கியும் எடுப்பார். கோழி அடையில் கிடந்தால் முட்டையிடாது, வீட்டில் முட்டை விற்ற காசுதான் எண்ணெய்க்கும் உப்புக்கும். எனக்கு அப்போது ஒன்பது வயது. இரவில் எழுந்து போய், பஞ்சாரத்தைத் தூக்கி, அந்த இறகை உருவிப் போட்டேன். மறுநாள் அடி வாங்கினேன். பிற்காலத்தில் யாராவது கோழி வளர்ப்பைப் பற்றிப் பேசினால் இதைச் சொல்லுவேன். என்னை இரக்கமுள்ளவன் என்று நானே நம்புவதற்கு அந்த ஓர் இறகு முப்பது வருடம் போதுமானதாக இருந்தது. அம்மா அந்தக் கோழியைப் பொரிக்கவிடாமல் எழுப்பிவிட்டார், அவ்வளவுதான். நான் செய்தது அதைவிடக் கொடுமை.

மாசியில் கோழி முட்டையிடத் தொடங்கியது. தினம் காலையில் கேறிக்கொண்டே வீட்டைச் சுற்றும். மகள் அதற்குப் பின்பக்கத் தகரக் கொட்டகையின் மூலையில் வைக்கோல் பரப்பிக் கூடை வைத்தாள். பதினொரு முட்டை இட்டது. அத்தனையையும் எடுத்துச் சமைத்துவிட்டோம். கூடையில் ஒரு கல்முட்டையை மட்டும் போட்டு வைத்தேன், இடம் மாறிவிடக் கூடாது என்று. மார்ச் நடுவில் அது கூடையை விட்டு எழ மறுத்தது. கை நீட்டினால் உடம்பைச் சிலிர்த்து உறுமியது. அன்று இரவே சின்னசேலம் பக்கத்திலிருந்து முட்டை 30 ரூபாய் என்று வாங்கிவந்த ஒன்பது பெருவிடை முட்டைகளை அதன் வயிற்றுக்கடியில் தள்ளினேன். இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும் என்பார்கள். வழக்கப்படி ஓர் இரும்புத் துண்டும் ஒரு கரித்துண்டும் கூடையில் போட்டேன். முட்டையைக் காப்பாற்ற எல்லா முறையும் எனக்குத் தெரிந்திருந்தது.

அடைக்கோழி சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று நினைப்பவர்கள் பக்கத்தில் இருந்து பார்க்காதவர்கள். வயிற்றடி இறகு உதிர்ந்து வெறுந்தோல் முட்டைமேல் படுகிறது. குஞ்சு பொரிப்பான் இயந்திரத்தில் 37.5 டிகிரிக்குத் தவமிருக்கிறோமே, அந்தச் சூட்டை அது தன் தோலால் அளந்து தருகிறது. ஒரு நாளில் பலமுறை மூக்கால் முட்டைகளைப் புரட்டுகிறது, உள்ளே கரு ஓட்டுத்தோலோடு ஒட்டிப்போகாமல் இருக்க. ஓரத்து முட்டை நடுவுக்கு வரும், நடு முட்டை ஓரத்துக்குப் போகும். நாளைக்கு ஒரு தடவை, பத்து அல்லது இருபது நிமிடம், இறங்கி ஓடிவந்து அவசர அவசரமாகக் கம்பும் நொய்யும் கொத்தி, தண்ணீர் குடித்து, ஒரு பெரிய எச்சம் போட்டு, திரும்ப ஓடிவிடும். சில நாள் அதுவும் கிடையாது. புரோலாக்டின் என்கிற சுரப்பு அதன் உடம்பைப் பிடித்து வைத்திருக்கிறது. மார்புக்கடியில் முட்டை இருக்கிறவரை அந்தச் சுரப்பு குறையாது. பசி மங்கிவிடும். 21 நாளில் உடம்பு இளைத்துவிடும் என்பது இயற்கைக்கே தெரிந்த கணக்கு. 21 நாள்தானே, குஞ்சு வந்ததும் மேய்ச்சலில் தேற்றிக்கொள்ளலாம் என்பதுதான் அதன் ஏற்பாடு. 22ஆம் நாள் திரும்பவும் முதலாம் நாளாகும் என்பது அந்த ஏற்பாட்டில் இல்லை.

இருபதாம் நாள் இரவு கூடை பக்கத்தில் உட்கார்ந்தேன். ஓடு இன்னும் உடையவில்லை. உள்ளேயிருந்து குஞ்சு கத்துகிறது, மிக மெலிதாக. உடனே கோழி தொண்டைக்குள்ளேயே பதில் சொல்கிறது. நான் அதுவரை அடைக்கோழியிடம் கேட்டிராத குரல். உள்ளே ஒரு கத்தல், வெளியே ஒரு பதில். இன்னொரு முட்டையிலிருந்து இன்னொன்று. பொரிவதற்கு முன்பே தாயும் பிள்ளையும் பேசிக்கொள்கிறார்கள். நான் மனைவியை எழுப்பிக் கூட்டிவந்து கேட்கச் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அந்தக் குரலின் அருமை எனக்குத் தெரியாமல் இல்லை. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது: தெரியாமல் எதையும் செய்யவில்லை.

ஒன்பதில் எட்டு பொரிந்தன. குஞ்சு வெளியே வருமுன் மிச்ச மஞ்சள்கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அதனால் இரண்டு நாள் தீனி இல்லாமலே இருக்கும். முன்னால் பொரிந்தவை பின்னால் பொரிபவற்றுக்காகத் தாயின் சிறகடியில் காத்திருக்கட்டும் என்று கொடுக்கப்பட்ட அவகாசம் அது. ஒரு நாள் குஞ்சு வியாபாரம் முழுக்க அந்த அவகாசத்தின் மேல்தான் நிற்கிறது. நானும் அதில்தான் கை வைத்தேன். ஈரம் காய்ந்ததும் எட்டையும் அட்டைப்பெட்டியில் எடுத்தேன். ஒன்று 120 ரூபாய். ஆள் வாசலில் வண்டியோடு நின்றிருந்தார்.

பெட்டியை அதன் கண்முன்னே தூக்கிக்கொண்டு போனேன். பெட்டிக்குள் குஞ்சுகள் கத்தின. கோழி கூடையிலிருந்து குதித்து, இறக்கையைத் தாழ்த்தி, கத்திக்கொண்டே என் காலைச் சுற்றி வந்தது. கேட் வரைக்கும் வந்தது. வண்டி கிளம்பிய பிறகும் சாலையைப் பார்த்து நின்றது. இதற்குள் கூடையில் புது ஒன்பது முட்டைகளை வைத்துவிட்டேன். கால்மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தது. முட்டைகளைப் பார்த்தது. ஏறி உட்கார்ந்தது. “பாத்தியா, மறந்துடுச்சு” என்று மகளிடம் சொன்னேன். எட்டு வயதுப் பிள்ளை என்னைப் பார்த்தாளே தவிர ஒன்றும் பேசவில்லை.

இரண்டாவது தடவை ஏழு குஞ்சு. ஏப்ரல் கடைசி. இந்த முறை பெட்டியைத் தூக்கியபோது கோழி எழுந்திருக்கவில்லை. தலையை மட்டும் திருப்பிச் சத்தம் வந்த பக்கம் பார்த்தது. கொண்டை வெளுத்திருந்தது. அன்று மாலை கையை அதன் அடியில் விட்டபோது நெஞ்செலும்பு கத்தி முனை மாதிரி என் விரலில் பட்டது. இரண்டு பக்கமும் சதை இல்லை. என் கைக்குத் தெரிந்தது, இது நின்றுவிட வேண்டிய இடம் என்று. அரை நிமிடம் கையை எடுக்காமலே இருந்தேன். பிறகு முட்டை வைத்தேன். மூன்றாவது ஒன்பது.

கத்திரி வெயில் தொடங்கியது. எங்கள் ஊர் வெயிலைச் சொல்லத் தேவையில்லை. தகரக் கொட்டகைக்குக் கீழே அலகைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு அது உட்கார்ந்திருந்தது. “அப்பா, அது எறங்கவே மாட்டேங்குது” என்று மகள் இரண்டு முறை சொன்னாள். “அடைக்கோழி அப்படித்தான்” என்று இரண்டு முறையும் சொன்னேன். மே 13ஆம் தேதி காலை, அடையின் பதினேழாம் நாள், தண்ணீர்க் கிண்ணத்தைப் பக்கத்தில் வைக்கப் போனேன். உறுமல் வரவில்லை. தொட்டேன். உட்கார்ந்தபடியே செத்திருந்தது. தலை மட்டும் முன்னால் சாய்ந்து ஒரு முட்டையின் மேல் கிடந்தது. உடம்புக்கடியில் முட்டைகள் இன்னும் சூடாக இருந்தன.

21, 21, 17. மொத்தம் 59 நாள். தராசில் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று தெரியவில்லை, கணக்கு எழுதுகிறவன் கை. 680 கிராம்.

இதற்குப் பிறகு நான் செய்ததையும் எழுதிவிடுகிறேன். கோழியைப் புதைப்பதற்கு முன்பே முட்டைகளைத் துணியில் சுற்றிக்கொண்டு பக்கத்துத் தெருவுக்கு ஓடினேன். அங்கே ஒரு பையன் தெர்மாகோல் பெட்டியில் பல்பு மாட்டிக் குஞ்சு பொரிப்பான் செய்து வைத்திருந்தான். ஒன்பதில் நான்கு பொரிந்தன. அந்த நான்கையும் விற்றேன். மூன்று ஈட்டுக்கும் குஞ்சு 19, வரவு 2,280 ரூபாய். முட்டை வாங்கிய செலவு 810. மிச்சம் 1,470. அந்தப் பணம் எதற்குச் செலவானது என்றுகூட நினைவில்லை.

மகள் பள்ளிவிடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்குப் போயிருந்தாள். அவள் வந்ததும் பாம்பு என்று சொன்னேன். முதல் பொய் அது. சொன்ன பிறகு நிம்மதியாக இருந்ததை மறைக்க மாட்டேன்.

ஆடியில் மலைக்குப் போனேன். இன்னொரு கோழி வாங்கத்தான் போனேன். மன்னிப்புக் கேட்க இல்லை. ஆயா முதல் வார்த்தையாக அதைத்தான் விசாரித்தார். “எம்மாங் குஞ்சு பொரிச்சுது?” நான் பாம்பைச் சொன்னேன். அவர் முகம் சுண்டிவிட்டது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, உள்ளே போய் ஒரு வெடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். “இது அதோட தங்கச்சிதான். புடி தம்பி. காசு வேணாம். பாம்புக்கு என்னா தெரியும்.” நான் வாங்கிக்கொண்டேன். சட்டைப்பையில் 400 ரூபாய் இருந்தது. பொய்க்குக் கூலியாக ஒரு கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கோமுகி அணை வரை இறங்கி வந்தேன்.

இந்த இரண்டாம் கோழிதான் என்னை இப்போது எழுத வைக்கிறது. கார்த்திகையில் அது அடையில் உட்கார்ந்தபோது அதன் சொந்த முட்டைகள் எட்டையும் வைத்தேன். எட்டும் பொரிந்தன. எதையும் பிரிக்கவில்லை. ஒரு தாய்க்கோழி தன் குஞ்சை என்ன செய்து வளர்க்கிறது என்பதை நாற்பத்து மூன்று வயதில் முதன்முறையாக முழுதாகப் பார்த்தேன்.

முதல் இரண்டு நாள் அது கூடையைவிட்டு அகலவில்லை. மூன்றாம் நாள் இறங்கியது. நிமிடத்துக்கு ஒரு தடவையாவது ‘கொக் கொக்’ என்று குரல் கொடுத்துக்கொண்டேயிருக்கும். நான் இங்கே இருக்கிறேன் என்பதற்கு அது. தீனி கண்டால் குரல் மாறிவிடும், வேகமாகும். ஒரு கரையானை அலகால் எடுக்கும், கீழே போடும், மறுபடி எடுக்கும், போடும். தான் தின்னாது. எட்டும் ஓடிவந்து முட்டிக்கொள்ளும். கரையானுக்காகச் சாணியும் பழஞ்சாக்கும் திணித்த பானையை மாலையில் ஈர மண்ணில் கவிழ்த்து வைப்பேன். காலையில் திறக்கும்போது கோழி எனக்கு முன்னால் அங்கே நிற்கும். மூன்று வாரம் கழித்து ஒரு நாள் கவனித்தேன்: நொய்யும் கம்பும் இறைத்திருந்தும், குஞ்சுகளெல்லாம் தின்று நகர்ந்த பிறகே அது குனிந்து மிச்சத்தைக் கொத்தியது.

மேலே நிழல் ஓடினால் ஒரே ஒரு நீண்ட குரல். குஞ்சுகள் செத்த மாதிரி தரையோடு ஒட்டிக்கொள்ளும். தரையில் பூனையோ கீரியோ வந்தால் அதற்கு வேறு குரல், விட்டுவிட்டு. எந்தக் குரலுக்கு ஒளிவது, எதற்கு ஓடுவது என்று நான்கு நாள் குஞ்சுக்குத் தெரிந்திருந்தது. ஒருநாள் அந்தி சாயும் நேரத்தில் வேலியோரம் ஒரு காட்டுப்பூனை தலை நீட்டியது. கோழிக்கு எங்கே ஓடுவதென்று தெரியவில்லை. நின்ற இடத்திலேயே இறக்கையை விரித்துக் குஞ்சுகளைக் கூவிக் கூவி அழைத்தது. குறுந்தொகையின் 139ஆம் பாடலில் ஒக்கூர் மாசாத்தியார் இதே காட்சியைத்தான் வைத்திருக்கிறார், அதே மாலைப்பொழுது, அதே வேலி, அதே குட்டைக்கால் கோழி. படித்த காலத்தில் அதை வெறும் உவமையாகப் படித்தேன். அது ஒரு தாயின் அச்சத்தைப் பக்கத்திலிருந்து பார்த்த ஒரு பெண் எழுதியது என்று அன்றுதான் உறைத்தது. நான் கம்போடு ஓடிப்போய்ப் பூனையை விரட்டினேன்.

வல்லூறு ஒன்றைக் கொண்டுபோயிற்று. மழைநாளில் இன்னொன்று விறைத்துச் செத்தது. ஆறு பிழைத்தன. ஏழாம் நாள் கால்நடை மருந்தகத்துக்குக் கூடையோடு கொண்டுபோய்க் கண்ணில் வெள்ளைக்கழிச்சல் சொட்டுமருந்து போட்டுவந்தேன். குஞ்சைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் தாய் என் மணிக்கட்டைக் கொத்தியது. தழும்பு இருக்கிறது. இரவில் ஆறும் அதன் அடியில் போய்விடும். ஒரு மாதம் ஆனபோது இடம் போதாமல் சிறகுக்கு வெளியே கால்களும் வால்களுமாகத் தெரியும். இருந்தும் அது காலைத் தூக்கி உடம்பை உயர்த்தி இடம் கொடுத்துக்கொண்டே இருந்தது.

2011இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு செய்திருக்கிறார்கள். குஞ்சின்மேல் லேசாகக் காற்றை ஊதி அதைக் கொஞ்சம் சங்கடப்படுத்துவார்கள். தாய்மேல் காற்றுப் படாது. பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கும். அப்படியிருந்தும் தாய்க்கோழியின் இதயம் வேகமாக அடித்ததாம், கண்ணின் சூடு குறைந்ததாம், அது குஞ்சைக் கூப்பிடத் தொடங்கியதாம். கொஞ்சம் காற்றுக்கே இப்படி. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது அந்த முதல் கோழியின் நெஞ்சு எப்படி அடித்திருக்கும் என்று எத்தனையோ இரவு படுத்துக்கொண்டு யோசித்திருக்கிறேன். அது மறந்துவிட்டது என்று மகளிடம் சொன்னேனே, அந்த வார்த்தைதான் எல்லாவற்றிலும் என்னை அதிகமாகச் சுடுகிறது. அது மறக்கவில்லை. அதன் உடம்பை முட்டையைக் காட்டி ஏமாற்றினேன்.

நாமக்கல் பண்ணைகளில் ஆண்டுக்கு 300 முட்டைக்கு மேல் இடும் வெள்ளைக் கோழிகளுக்கு அடைகாக்கும் குணத்தையே இனப்பெருக்கத் தேர்வில் கழித்துவிட்டார்கள். நாட்டுக்கோழி இடுவது 60, 80 முட்டைதான். அந்த மீதி முட்டைகளுக்குப் பதிலாக அது வைத்திருக்கும் ஒரே சொத்து, அடையும் வளர்ப்பும். நான் அதிலிருந்து அடையை மட்டும் அறுத்து எடுத்துக்கொண்டேன்.

மாசியில் ஒரு காலை கோழி தன் குஞ்சுகளைக் கொத்தித் துரத்தியது. இரண்டு நாளில் எல்லாம் தனித்தனியாக மேய்ந்தன. ஆயா சொன்னது போலவே, அதுவாகப் பிரித்தது. அந்த வாரம் மகளை உட்காரவைத்துப் பாம்பு வரவில்லை என்று சொன்னேன். “தெரியும்ப்பா” என்றாள். கூடையில் நான் இரண்டு முறை முட்டை வைத்ததையும் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பெட்டைக் குஞ்சுகளைக் கூடையில் வைத்துக்கொண்டு வெள்ளிமலை பஸ் ஏறினேன். ஆயா முற்றத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார்.

“ஆயா, மொதக் கோழிய பாம்பு கடிக்கல.”

முறம் நின்றது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்பது முட்டையைச் சொன்னேன். மூன்று ஈட்டைச் சொன்னேன். நெஞ்செலும்பைத் தொட்டுப் பார்த்ததைச் சொன்னேன். நான்கு குஞ்சு விற்றதையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

“செத்தது எத்தினாவது நாளு?”

“பதினேழு.”

“அப்ப குஞ்சு கத்துறது அதுக்குக் கேட்டிருக்காது.”

“அந்தத் தடவ கேக்கல ஆயா. முன்னாடி ரெண்டு தடவையும் கேட்டுச்சு. பதில் சொல்லுச்சு. நான் பக்கத்துலதான் ஒக்காந்திருந்தேன்.”

ஆயா முறத்தைக் கீழே வைத்தார். இருட்டத் தொடங்கியிருந்தது. எழுந்து போய்த் தன் கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கூண்டில் அடைத்தார். நான் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். எல்லாவற்றையும் அடைத்த பிறகு திரும்பி வந்து, என் கூடையிலிருந்த இரண்டு பெட்டைகளையும் எடுத்து, ஒவ்வொன்றின் நெஞ்சையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, மற்றவற்றோடு உள்ளே விட்டார்.